சின்னக் கொல்லை: முதலில் வாட்டம், கடைசியில் செடி

சின்னக் கொல்லையைச் சீர்செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக நர்சரிக்குத்தான் போகிறார்கள். 10 தொட்டி, ஒரு ஊஞ்சல், நாலு மூட்டை கூழாங்கல் வந்து இறங்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தொட்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருக்கும், கூழாங்கல் மண்ணுக்குள் போயிருக்கும், மழை பெய்தால் கதவோரம் தண்ணீர் நிற்கும். செடியிலும் கல்லிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, செய்த வரிசைதான் தலைகீழ். 20க்கு 30 அடி இடத்தில் தண்ணீர் எங்கே ஓடும், கால் எங்கே நடக்கும், வெயில் எங்கே விழும் என்பதை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அதிலும் தண்ணீர் முதலில். கல் பாவிய பிறகு வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடக் கொடுக்கும் சரிவை, மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு அடி என்று வைத்து வரைவது போதும். மதில்கள் சதுரமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு மூலை கோணல். நடுவில் இருக்கும் மரம், கழிவுநீர்க் குழாயின் சேம்பர் மூடி போன்றவற்றுக்கு வீட்டின் இரண்டு மூலையிலிருந்தும் தூரம் எடுத்து, தாளில் காம்பஸால் இரண்டு வில் போட்டால் வெட்டும் இடம்தான் அது. கதவு, ஜன்னல், குழாய், மோட்டார், செப்டிக் டேங்க் மூடி, ஏசியின் வெளி யூனிட், துணி காயப்போடும் கொடி எதையும் விடாதீர்கள். வரைபடத்தில் விட்டுப்போன சேம்பர் மூடி, பிறகு புதிதாகக் கட்டிய திண்ணைக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அடைப்பு எடுக்க ஆள் வரும் நாளில்தான் அது நினைவுக்கு வரும்.

இதோடு சமையலறை ஜன்னலிலிருந்தும் பின்வாசலிலிருந்தும் ஒவ்வொரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லையை நாம் அதிகம் பார்ப்பது அங்கிருந்துதான், கொல்லைக்குள் நின்று அல்ல. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் கண்ணுக்குப் பழகிப்போன குப்பையெல்லாம் துருத்திக்கொண்டு தெரியும்.

வெயிலுக்குக் கருவி ஒன்றும் வேண்டாம். காலை 8, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு நிழலின் ஓரத்தைச் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டு, அதைத் தாளில் ஏற்றுங்கள். சூரியன் 45 பாகையில் நிற்கும்போது 6 அடி மதிலின் நிழல் 6 அடி, 30 பாகைக்கு இறங்கினால் 10 அடியைத் தாண்டும். சின்னக் கொல்லையில் பாதி அதிலேயே போய்விடும். சூரியனின் பாதை ஆண்டு முழுக்க மாறுவதால் ஒருநாள் கோட்டை மட்டும் நம்பாமல் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரை வகைகள் மூன்று நான்கு மணி நேரத்தில் ஒப்பேற்றிக்கொள்ளும்.

வாட்டம்

வெளித்தளத்தின் மேல்மட்டம், வீட்டுச் சுவரில் ஓதம் (மண்ணின் ஈரம்) ஏறாமல் தடுக்கப் போட்ட படுகைக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். பழைய தளத்தை உடைக்காமல் அதன்மேலேயே புதுத் தளம் போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம் ஏறி, கடைசியில் மழைநீர் அந்தப் படுகையைத் தாண்டி மேலே தெறிக்கும். உள்சுவரில் பெயின்ட் உப்புகிறது என்று வருடா வருடம் சுரண்டிப் பூசுவார்கள். காரணம் சுவருக்கு வெளியே இருக்கும்.

கல் பாவிய தளத்துக்கு 5 அடிக்கு ஒரு அங்குல வாட்டம் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, நாற்காலி ஆடாது, தண்ணீர் மட்டும் நகரும். வெறும் மண் தரைக்கு இது போதாது. மண்ணில் தண்ணீர் மெதுவாக ஓடும், மண் அமுங்கி அங்கங்கே குழியும் விழும். வீட்டிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறக்கம் இருந்தால் நல்லது. அவ்வளவு தூரமே இல்லாத இடத்தில், கிடைக்கிற தூரத்துக்குள் இறக்கி, அந்த முடிவில் ஆழமில்லாத ஒரு ஓடையாக முடித்துவிடலாம்.

இந்த மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவல்தான் சரி. ரசமட்டத்தை நீளக் கட்டையில் வைத்து 20 அடிக்கு நகர்த்திக்கொண்டே போனால் சின்னச் சின்னப் பிழையெல்லாம் சேர்ந்துவிடும். தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு குமிழ் இருந்தாலும் இரண்டு முனையும் வேறு வேறு மட்டம் காட்டும். முதலில் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இந்த அரை நிமிடத்தை அனுபவமுள்ள கொத்தனார்கள் ஒருபோதும் விடுவதில்லை.

வாட்டம் கொடுத்தாயிற்று, தண்ணீர் போய்ச் சேரும் இடம் எது? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 30 சதுர மீட்டர் கூரைத் தண்ணீர் பின்பக்கம் இறங்கினால், 40 மி.மீ. மழைக்கு 1,200 லிட்டர். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் உறிஞ்சுகுழி வெட்டி ஒன்றரை அங்குல ஜல்லி நிரப்பினால், கல்லுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் கிட்டத்தட்ட 300 லிட்டர்தான் பிடிக்கும். மீதி அந்த நேரத்துக்குள் மண்ணுக்குள் இறங்க வேண்டும், இல்லையென்றால் வழிய வேண்டும். ஆகவே எந்த உறிஞ்சுகுழிக்கும் ஒரு வழிவாய் வைத்தே தீர வேண்டும். அது பக்கத்து வீட்டு மதிலடியில் போய் முடியக் கூடாது.

மண் உறிஞ்சுமா என்பதைக் குழி வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் பள்ளம் எடுத்து, தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குச்சியில் குறியுங்கள். இரண்டாம் முறை இறங்கும் கணக்குதான் உண்மையானது. முதல் முறை காய்ந்த மண் குடிக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிடலாம். மணிக்கு ஒரு அங்குலத்துக்கும் குறைவென்றால் களிமண். அங்கே உறிஞ்சுகுழி வெறும் தண்ணீர்த் தொட்டியாகத்தான் நிற்கும், கொசுவும் வரும். தண்ணீரைக் குழாய் வைத்து வெளியே எடுத்துச் செல்வதே வழி.

உறிஞ்சுகுழி வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், 15 அடி கிடைத்தால் இன்னும் நிம்மதி. குழி பாழாவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, கூரைத் தண்ணீரோடு மண்ணும் இலையும் நேராக உள்ளே போவது. இதற்கு முன்னால் ஒரு அடிச் சதுரத்தில் வண்டல் தொட்டி கட்டி, குழாயை அதன் அடியிலிருந்து அரையடி உயரத்தில் எடுக்க வேண்டும். மற்றொன்று, பாத்திரம் கழுவும் எண்ணெய்த் தண்ணீரையும் இதிலேயே விடுவது. எண்ணெயும் சோப்பும் ஜல்லியில் பாசிபோல் படிந்து, இரண்டு மழைக்காலத்துக்குள் அடைத்துவிடும்.

கால் போகும் வழி

பின்வாசலிலிருந்து துணிக்கொடி, குப்பைத் தொட்டி, மோட்டார் சுவிட்ச் ஆகியவற்றுக்குப் போகும் வழியை முதலில் போடுங்கள். தினம் நடக்கும் வழி நேராக, மூன்றடி அகலத்தில் இருக்க வேண்டும். துணிக்கூடையோ வாளியோ தூக்கிக்கொண்டு போகிறவர் வளைந்து வளைந்து போக மாட்டார், செடியை மிதித்துக்கொண்டு குறுக்கே போவார். அழகுக்காக வளைத்த வழிகளில் இரண்டே மாதத்தில் குறுக்குப்பாதை விழுந்துவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும் ஓரவழிக்கு ஒன்றரை அடி போதும். மிதிகல் பதிப்பதென்றால் ஒரு கல்லின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 24 அங்குலம். கல் பதிக்கும் முன் வீட்டில் வயதானவரை ஒருமுறை நடக்கச் சொல்லிப் பார்த்து, இடைவெளியை அவர் எட்டி வைக்கும் அளவுக்குக் குறையுங்கள்.

படி தேவைப்பட்டால் உயரம் 5 முதல் 6 அங்குலம், கால் வைக்கும் மிதியகலம் 12 முதல் 14. உயரத்தை இரட்டித்து மிதியகலத்தோடு கூட்டினால் 24 முதல் 26 அங்குலத்துக்குள் வர வேண்டும். எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது இதைவிட முக்கியம். தளம் போட்ட பிறகு கடைசிப் படி மட்டும் 4 அங்குலமாகச் சுருங்கிவிடுவது அடிக்கடி நடக்கும். முதல் படியைக் கட்டும்போதே முடிந்த தளமட்டத்தைக் கணக்கில் எடுக்காததன் விளைவு அது. தடுக்கி விழுவது அந்தப் படியில்தான்.

உட்காரும் இடத்துக்கு எல்லோரும் குறைவாகவே இடம் விடுகிறார்கள். இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு சின்ன மேசை என்றால் 5க்கு 6 அடி. நாலு பேர் மேசை போட்டு உட்கார 10க்கு 10 அடி வேண்டும், ஏனென்றால் நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து இரண்டரை முதல் மூன்றடி போகும். அவ்வளவு இடம் இல்லாத கொல்லையில் மதிலோரமாக 17 அங்குல உயரத்தில் ஒரு திண்ணை கட்டிவிடுவது என் பரிந்துரை. அதன் பின்னால் யாரும் நடக்க வேண்டியதில்லை, நாற்காலிக்கு ஆகும் இடமும் மிச்சம், அடியில் மண்வெட்டியும் உரமூட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தாளில் முடித்ததும் உடனே ஆள் கூப்பிட வேண்டாம். தோட்டக் குழாயை வளைத்துப் போட்டு எல்லை காட்டுங்கள். பாத்தி வரும் இடத்தில் அட்டைப்பெட்டி அடுக்குங்கள். திரை வரும் இடத்தில் கம்பு நட்டுப் பழைய புடவையைக் கட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே புழங்கிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். தாளில் விசாலமாகத் தெரிந்த 4 அடி, அட்டைப்பெட்டி வைத்த பிறகு வேறு மாதிரி இருக்கும்.

நடுவில் ஒன்றும் வைக்காதீர்கள் என்பதே அமைப்பில் முதல் யோசனை. நடுவில் ஒரு நீரூற்றோ வட்டப்பாத்தியோ வந்தால் சுற்றிலும் நாலு ஒடுக்கமான சந்து மிஞ்சும், எதற்கும் உதவாது. கனமான பொருளெல்லாம் ஓரத்துக்குப் போகட்டும். இன்னொன்று, தளத்தின் கோடுகளை மதிலுக்கு இணையாகப் போடாமல் 45 பாகை சாய்த்துப் போடுவது. கண் அப்படிக் குறுக்காக ஓடும்போது இடம் பெரிதாகத் தெரியும். இதற்கு விலையும் உண்டு, ஓரக்கல் எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்ட வேண்டியிருக்கும். 10 முதல் 15 சதவீதம் கல் கூடுதலாக வாங்குங்கள், வெட்டுக்கூலியையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தளம் பாவுதல்

100 சதுர அடிக்குக் கணக்கு இது. 60 மி.மீ. பேவர் கல், அதன் கீழே ஒரு அங்குல மணல், அதன் கீழே 4 அங்குலம் ஜல்லியும் ஜல்லித்தூளும் கலந்த அடித்தளம். மொத்தம் ஏழரை அங்குலம் தோண்ட வேண்டும், 62 கன அடி மண் வரும். தோண்டிய மண் உப்பும், குவித்துப் பார்த்தால் 80 கன அடி இருக்கும். இது எங்கே போகிறது என்பதைத் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள். முடிவு செய்யாதபோது அது வீட்டுச் சுவரோரம் குவிந்து, கடைசியில் ‘இதையே பாத்தியாக்கிவிடலாம்’ என்று ஆகி, ஓதத்துக்கு வழி செய்யும். பக்கச் சந்தின் அகலத்தையும் பார்த்துவிடுங்கள். தள்ளுவண்டி போய்வர இரண்டரை அடியாவது வேண்டும், அதற்கும் குறைவென்றால் மண்ணும் கல்லும் தலைச்சுமைதான், கூலியும் நாளும் அதற்கேற்பக் கூடும்.

அடித்தளத்துக்கு அமுக்கிய கணக்கில் 33 கன அடி, வாங்க வேண்டியது 42. 4 அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டித் திமுசுக் கட்டையால் இடித்தால் மேலே மட்டும் இறுகும், அடியில் பொருபொருவென்றே கிடக்கும். இரண்டு இரண்டு அங்குலமாகக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் விழக் கூடாது. வாட்டத்தை இந்த அடுக்கிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். அடித்தளம் மேடுபள்ளமாக இருக்க, மணலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுவதுதான் பாவு தளங்கள் ஒரே வருடத்தில் பள்ளம் விழுவதற்கு முக்கியக் காரணம். ஒரு இடத்தில் ஒரு அங்குலம், இன்னொரு இடத்தில் மூன்று என்றால் மூன்று இருக்கும் இடம்தான் முதலில் இறங்கும்.

மணலுக்கு 10 கன அடி. ஒரு அங்குலப் பருமனுள்ள இரண்டு குழாயைத் தண்டவாளம்போல் இணையாக வைத்து, நடுவில் மணலைப் போட்டு, நேர்க்கட்டையால் இழுத்தால் ஒரே சீராக வரும். குழாயை எடுத்துவிட்டு அந்தத் தடத்தை மணலால் நிரப்புங்கள். இழுத்த மணல்மேல் கால் வைக்கக் கூடாது. பாவிய கல்மேல் நின்றுகொண்டே முன்னேற வேண்டும். 200க்கு 100 மி.மீ. கல் என்றால் நேர் வரிசைக்கு 465, சேதாரம் சேர்த்து 500. கடைசியாக இடிக்கும்போது சற்று இறங்கும் என்பதால் கல்லைக் கால் அங்குலம் உயர்த்தியே வையுங்கள்.

ஓரங்களில் கான்கிரீட் பிடிப்பு கட்டாயம். அது இல்லாமல் விட்டால் ஓரவரிசை வெளியே நகரும், சந்து அகலும், மணல் வெளியேறும், நடுப்பகுதி வரை கல் ஆடத் தொடங்கும். சந்துகளில் காய்ந்த நைஸ் மணலைப் பெருக்கித் தள்ளி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தள்ளுங்கள். அதோடு, தளம் போடும் முன்பே வழிக்குக் குறுக்கே இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒன்றிரண்டைப் புதைத்து முனையை மூடிவையுங்கள். பிறகு விளக்கு வயரோ சொட்டுநீர்க் குழாயோ கொண்டுபோகத் தளத்தை உடைக்க வேண்டியிருக்காது. இதைச் செய்யாமல் வருந்தாதவர்கள் அபூர்வம்.

தளம் முழுக்கக் கல்லாக இருக்க வேண்டியதில்லை. ஜல்லி பரப்பலாம், ஆனால் உருண்டைக் கூழாங்கல் காலடியில் வழுக்கி ஓடும், முனையுள்ள ஜல்லிதான் ஒன்றோடொன்று பிடித்து நிற்கும். இரண்டு அங்குல கனம் போதும். அடியில் பிளாஸ்டிக் தாளைப் போடாதீர்கள், தண்ணீர் தேங்கி நாறும். நீர் புகும் ஜியோடெக்ஸ்டைல் துணி போடுங்கள். புல்தரையைப் பொறுத்தவரை, மதில் நிழல் விழும் சின்னக் கொல்லையில் அது வேண்டாம் என்றே சொல்வேன். பாதி மொட்டையாகி, மீதியை வெட்ட ஒரு இயந்திரமும் அதை வைக்க ஒரு இடமும் கேட்கும்.

மறைப்பு

பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் தெரிகிறது என்று மதிலை உயர்த்துவார்கள். வெயிலும் காற்றும் போய், கொல்லை கிணறாகும். கணக்கைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கிறது. ஜன்னல் 30 அடி தள்ளி 14 அடி உயரத்தில். அதை 15 அடி தள்ளியுள்ள மதிலில் மறைக்க 9 அடி உயரம் வேண்டும். அதே மறைப்பை நாற்காலியிலிருந்து 6 அடியில் வைத்தால் 6 அடி போதும். ஆக, திரை மதிலில் வர வேண்டியதில்லை, உட்காரும் இடத்தை ஒட்டி வரலாம். ஜன்னல் இன்னும் உயரத்தில் இருந்தால் ஏழரை அடி உயரத்தில் பந்தல் போட்டுக் கொடி ஏற்றுவதே சரி.

திரைக்கு நடும் கம்பம் தரைக்கு மேல் 6 அடி என்றால் உள்ளே 2 அடி போக வேண்டும். மரக்கம்பத்தை நேராகக் கான்கிரீட்டில் புதைத்தால் மண்மட்டத்தில் உளுத்துவிடும், அங்கேதான் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கின்றன. கான்கிரீட்டில் இரும்புப் பட்டையைப் பதித்து, மரத்தைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி அதில் முடுக்குங்கள். கொடி படரும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்றுவழி விடுங்கள்.

ஏசி யூனிட்டைச் செடியால் மறைக்காதீர்கள். வெப்பக்காற்று செடியைக் கருக்கும், காற்று தடைபட்டால் யூனிட்டும் திணறும். முன்னால் மூன்றடி வெற்றிடம் விட்டு, பக்கவாட்டில் மட்டும் தடுப்பு வைக்கலாம்.

இப்போது செடி

பாத்தி ஒரு பக்கம் மட்டும் எட்டும்படி மதிலோரம் இருந்தால் அகலம் இரண்டடி, இரண்டு பக்கமும் நடக்க வழி இருந்தால் நாலடி. அதற்கு மேல் போனால் களை எடுக்கப் பாத்திக்குள் இறங்குவீர்கள், மண் இறுகும். 8க்கு 4 அடி, ஒரு அடி உயரப் பாத்திக்கு 32 கன அடி மண் வேண்டும். முதல் சில மாதத்தில் அமுங்கும் என்பதால் மேலே இட இன்னும் கொஞ்சம் எடுத்துவையுங்கள். மூடாக்கு (மண்ணை மூடும் சருகு) இரண்டு மூன்று அங்குலம் போடலாம். தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் அடித்தண்டு அழுகும்.

மரக்கன்றுக்குக் குழி வேர்க்கட்டியைப்போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டி அளவுதான். ஆழமாக வெட்டி நிரப்பிய மண் பிறகு அமுங்கி, மரம் கழுத்துவரை புதைந்துவிடும். ஆல், அரசு வகைகளையும் படரும் மூங்கிலையும் சின்னக் கொல்லையில் நினைக்கவே வேண்டாம். கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் வேர் கண்டுபிடித்துவிடும்.

தொட்டி வைப்பதென்றால் பத்துச் சின்னதுக்குப் பதில் 18 அங்குலத்தில் மூன்று வாங்குங்கள். மண் அதிகம் என்பதால் சீக்கிரம் காயாது, கண்ணுக்கும் இரைச்சல் குறையும். அடியில் ஓட்டுத்துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள்.

கடைசியாக இடைவெளி. 4 அடி விரியும் செடியை மதிலிலிருந்து இரண்டடி தள்ளியும், அதே வகை அடுத்த செடியிலிருந்து நாலடி தள்ளியும் நட வேண்டும். நட்ட அன்று கொல்லை வெறுமையாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் நடுவில் இன்னும் இரண்டைச் செருகுவார்கள், மூன்றாம் வருடம் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். வெறுமை உறுத்தினால் அந்த இடத்தில் விதைத்து இரண்டு மாதத்தில் பறித்துவிடும் கீரையைப் போடுங்கள். செடி பெரிதாகப் பெரிதாகக் கீரைக்கு வெயில் குறையும், விதைப்பதும் தானாகவே நின்றுவிடும்.